வலது கையில் குத்திய அம்மை

பம்பாயில் பெரியம்மை பரவிய அந்த வருஷம் எனக்கு வந்தது பயம் மட்டும்தான். அதற்குக் குத்த முனிசிபாலிட்டியிடம் மருந்து இல்லை.

பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதற்கான பணம் முழுவதும் ஒரே ஒரு பஞ்சாலையின் பங்குகளில் கிடந்தது. யுத்தம் நடக்கிறது, பட்டாளத்துக்குத் துணி வேண்டும், ஆலை ஓடாமல் எங்கே போகும் என்று மாதுங்கா மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டே நாலு பேருக்கு யோசனை சொன்னவன் நான். அந்த நாலு பேரும் கத்தரிக்காய் மட்டும் வாங்கிக்கொண்டு போனார்கள். கெட்டிக்காரர்கள்.

ஆலைத் தொழிலாளிகள் அடைந்து கிடந்த சால் என்ற ஒற்றை அறைக் குடியிருப்புகளில் அம்மை கண்டதும் சர்க்கார் உத்தரவு போட்டது: அம்மை குத்திக்கொண்ட சீட்டு இல்லாமல் யாரும் ஆலைக்குள் நுழையக் கூடாது. உத்தரவில் தப்பே இல்லை. ஆனால் அம்மைக்குப் பயந்து ஊருக்கு ஓடியவர்களைவிட, குத்துவார்களே என்று பயந்து ஓடியவர்கள் அதிகம். கொங்கணத்துக்காரர்கள் படகு ஏறினார்கள். தாராவியிலிருந்து திருநெல்வேலிக்காரர்கள் மூட்டையோடு ரயில் ஏறினார்கள். தறிகள் நின்றன. பங்கு விலை இறங்கத் தொடங்கியது.

"வித்துடுங்கோன்னா," என்றாள் மனைவி.

"பயந்தவாதான் விப்பா," என்றேன்.

மறுநாள் எங்கள் ஆபீசிலும் அம்மை குத்த வந்துவிட்டார்கள். மேஜைக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டுப் போட்ட சர்க்கார் மனிதர், கையை நீட்டச் சொன்னார். பெரிய மனிதரிடம் இடது கையை நீட்டுவதாவது? பவ்வியமாக வலது கையை நீட்டினேன். எங்கள் செக்‌ஷன் தமிழர்கள் அத்தனை பேரும் அப்படியே செய்தோம். பார்சிகளும் குஜராத்திகளும் இடது சட்டைக்கையைச் சுருட்டியபடி எங்களை ஒரு மாதிரி பார்த்தார்கள். பாவம், மரியாதை தெரியாதவர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஜுரம். தோளிலிருந்து விரல்வரை கை தலையணை மாதிரி வீங்கியது. பங்கு விலை பாதிக்கும் கீழே போனதும் அந்த வாரம்தான். இனித் தாங்காது, விற்றே தீர்வது என்று பங்கை மாற்றித் தரும் பத்திரத்தில் எப்படியோ கையெழுத்துப் போட்டு, கோட்டை வட்டாரத்தில் ஆபீஸ் வைத்திருந்த தரகரிடம் எடுத்துக்கொண்டு ஓடினேன். கிழ சேட் அதைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பார்த்தார்.

"அரே பாபு, இது யார் போட்ட சஹி?" என்று கையெழுத்தைத் தொட்டுக் காட்டி பம்பாய் இந்தியில் கேட்டார்.

"நான்தான் சேட்ஜி. கை வீங்கியிருக்கிறது."

"கம்பெனி உன் கையைப் பார்த்ததில்லை. பழைய சஹியைத்தான் பார்த்திருக்கிறது. அதே மாதிரி போட்டுக் கொண்டு வா."

வீட்டில் மனைவி முழங்கையைத் தாங்க, பெண் காகிதத்தைப் பிடிக்க, என் பெயரை நானே காப்பியடித்தேன். பக்கத்துப் போர்ஷன் மாமா எட்டிப் பார்த்தார்.

"ஏன் ஓய், கையெழுத்தா இது, கோலமா?"

"கோலம்னா புள்ளியாவது நேரா இருக்கும் மாமா," என்றாள் மனைவி.

சாயங்காலப் பத்திரிகையில் விலை இன்னும் ஒரு படி இறங்கியிருந்தது. என்னால் செய்ய முடிந்ததெல்லாம் அதை இடது கையால் பிடித்துப் படிப்பதுதான்.

ஒருவழியாக வீக்கம் வடிந்தது. அச்சாகப் பழைய கையெழுத்து விழுந்தது. விற்றேன். கிடைத்த பணம் பந்தலுக்கும் மேளத்துக்கும் காணும். பெண்ணுக்கு நகை போடக் காணாது. அதே வாரம் சர்க்கார், குத்திக்கொண்டு வேலைக்குத் திரும்புகிறவர்களுக்கு ஆலையிலேயே மலிவு விலையில் தானியம் என்று அறிவித்தது. ஓடினவர்கள் திரும்பினார்கள். பங்கு ஏறியது. சர்க்காருக்குக் கொஞ்சம் முன்னால் தோன்றியிருக்கக் கூடாதா, எனக்குக் கொஞ்சம் பின்னால் பயம் வந்திருக்கக் கூடாதா என்று கூடத்தில் நடந்தேன். கூடமும் பெரியதில்லை, நாலு எட்டில் சுவர் இடித்தது.

கல்யாணத்தை ஆவணிக்குத் தள்ளிவைக்கச் சொல்லி மாப்பிள்ளை வீட்டாரிடம் கெஞ்சினேன். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு சம்மதித்தார்கள். பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்று காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தேன். அவளே வந்தாள்.

"அம்மா சொன்னாப்பா. ஆவணி வரைக்கும் சும்மாதானே இருக்கப் போறேன், டைப்பிங் கிளாசுக்குப் போகட்டுமா?"

யோசித்துச் சொல்கிறேன் என்று தொண்டையைக் கனைத்தேன். அதற்குள் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு மாடிப்படியில் பாதி தூரம் இறங்கிவிட்டாள்.