வட்டத்தைக் கிழக்கே நகர்த்திய பிற்பகல்

நாங்கள் பயன்படுத்தும் தொலைநோக்கி பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை நான் கண்ணால் பார்த்ததில்லை. ஒரு நேரத்தில் அது பார்க்கக்கூடிய வானம் ஏறக்குறைய ஒரு முழுநிலவின் அளவுள்ள வட்டம், அவ்வளவுதான். அந்த வட்டத்தை எங்கே வைக்கவேண்டும் என்று எழுதிக் கேட்பதுதான் என் வேலையில் பாதி. கேட்டது கிடைக்காதபோது மறுபடி எழுதிக் கேட்பது மீதிப் பாதி.

காக்ஸ் டவுனில் ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது யாராவது ஓர் ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சு நட்சத்திரம் பாக்குறியாமே, உடம்பு என்னத்துக்காகும்?" என்பார். நான் காலையில் பஸ் ஏறிப் போய், டியூப்லைட்டுக்கு அடியில் திரையைப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் சிவாஜிநகரில் பஸ் மாறி வீடு திரும்புகிறவள். ஆனாலும், "ஆமா ஆன்ட்டி" என்று சொல்லிவிடுவேன். ஆராய்ச்சியின் ஐந்தாம் வருடத்தில் விளக்கம் சொல்லும் தெம்பு இருக்காது.

என் ஆய்வேட்டின் மூன்றாவது அத்தியாயம் ஒரு விண்மீன் கொத்தைப் பற்றியது. ஒரு கொத்தில் உள்ள விண்மீன்கள் எல்லாம் ஒரே மேகத்திலிருந்து ஒரே காலத்தில் பிறந்தவை. கனமானவை சீக்கிரம் முதுமையடைந்து சிவக்கும். என் கொத்தில் ஐந்து மட்டும் அப்படிச் சிவக்காமல், வயதை மறைக்கிற சித்தி மாதிரி நீலமாக நிற்கின்றன. பக்கத்தில் இருந்த துணை விண்மீனிடமிருந்து பொருளை இழுத்துக்கொண்டதால்தான் அவற்றுக்கு இந்த இளமை என்பது எங்கள் ஊகம். கொடுத்த துணை இப்போது சுருங்கி, சின்னதாக, மிகச் சூடாக ஒட்டிக்கொண்டிருக்கும். சாதாரண ஒளியில் அது தெரியாது. புற ஊதா ஒளியில் தெரியும், ஆனால் அந்த ஒளியைக் காற்றுமண்டலம் தடுத்துவிடும். அதற்காகத்தான் விண்வெளியில் இருக்கும் தொலைநோக்கி வேண்டியிருந்தது.

போன விண்ணப்பச் சுற்றில் கொத்தின் நட்டநடுவில் வட்டத்தை வைத்துக் கேட்டேன். நிராகரித்துவிட்டார்கள். காரணம் என் கொத்தே இல்லை. வட்டத்தின் வடக்கு ஓரத்தில் ஒன்று, தெற்கு ஓரத்தில் ஒன்று என இரண்டு பிரகாசமான விண்மீன்கள். இரண்டும் கொத்தைச் சேர்ந்தவையல்ல. நமக்கும் கொத்துக்கும் நடுவில், வழியில் நிற்பவை. அவ்வளவு வெளிச்சம் உள்ளே விழுந்தால் உணர்கருவி கெட்டுப்போகும். அதனால் அப்படிப்பட்டவை வட்டத்துக்குள் வந்தால் யார் கேட்டாலும் அனுமதி கிடையாது. வடக்கேயும் நகர முடியாது, தெற்கேயும் நகர முடியாது. கிழக்கே அல்லது மேற்கே விலகிப் போனால் இரண்டிலிருந்தும் தப்பிக்கலாம்.

ஆய்வு மாணவர்கள் அறையில் எனக்குப் பக்கத்து மேசையில் இருந்தவர் சேலத்துக்காரர். வைட்ஃபீல்டில் மென்பொருள் நிறுவனத்தில் எட்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, அதை விட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர். வயதில் என்னைவிடப் பெரியவர், ஆராய்ச்சியில் எனக்கு ஜூனியர். நான் அவரை அக்கா என்பேன். அவர் என்னை 'சீனியர் மேடம்' என்பார், முழுக் கிண்டலோடு.

அவருக்கும் அதே கொத்தில் ஒரு விண்மீன் இருந்தது. ஒன்றே ஒன்று, கிழக்கு ஓரத்தில். பார்க்க மிகச் சாதாரணமான மஞ்சள் விண்மீன், ஆனால் அதில் பேரியம் என்ற கனமான தனிமம் அளவுக்கு மீறி இருந்தது. அந்த வயதில் அந்த விண்மீன் தானாகச் செய்திருக்க முடியாத சரக்கு. ஏதோ ஒரு துணை சாகும்போது கொட்டிவிட்டுப் போயிருக்க வேண்டும்.

"ஜீவனாம்சம் வாங்கிட்டுக் கமுக்கமா உக்காந்திருக்கு என் ஆளு," என்பார். "கொடுத்தவன் எங்கன்னு கண்டுபிடிச்சா போதும்."

அது அவருக்கு விளையாட்டில்லை. வருடாந்தர மதிப்பீட்டுக் குழு, சொந்தத் தரவு எதுவும் இல்லாமல் இன்னொரு வருடம் ஓட்ட முடியாது என்று அவரிடம் சொல்லியிருந்தது. அடுத்த கூட்டத்துக்குள் அந்த விண்மீனைப் புற ஊதாவில் பார்க்க நேரமாவது கிடைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் முதுகலைப் பட்டத்தோடு அனுப்பிவிடுவார்கள். வைட்ஃபீல்டுக்குத் திரும்பிப் போவதைப் பற்றி அவர் பேசியதே இல்லை. பழைய அலுவலகக் குழுவின் வாட்சப் செய்திகளை மட்டும் திறக்காமலே வைத்திருந்தார்.

எங்கள் வழிகாட்டி கன்னடக்காரர். எங்களோடு தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசுவார். ஒரே குழுவிலிருந்து ஒரே கொத்துக்கு ஒரு சுற்றில் இரண்டு விண்ணப்பம் போடுவது அவருக்குப் பிடிக்காது. "ஒரே சர்க்கிள். உங்க ரெண்டு பேருக்குள்ள பேசிக்கோங்க. என்கிட்ட பஞ்சாயத்துக்கு வராதீங்க," என்று சொல்லிவிட்டார்.

நான் வழக்கம்போல ஓர் அட்டவணை போட்டேன். மேற்கே நகர்ந்தால் என் ஐந்தும் உள்ளே, அக்காவின் ஒன்று வெளியே. கிழக்கே நகர்ந்தால் அக்காவுடையது உள்ளே, என்னுடையதில் இரண்டு வெளியே. அந்த இரண்டில் ஒன்றுதான் ஐந்திலும் பிரகாசமானது. அதிகம் நம்பியிருந்ததும் அதைத்தான்.

கேன்டீனில் சாப்பிடும்போது அவர் முன்னால் அட்டவணையை வைத்தேன்.

"அஞ்சுக்கு ஒண்ணு," என்றார் அவர், ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டே. "இதுல பேசறதுக்கு என்ன இருக்கு? மேற்கேயே போங்க சீனியர்."

"அக்கா, உங்க கமிட்டி..."

"கமிட்டிக்கு வேற கதை சொல்லிக்கறேன். எட்டு வருஷம் கிளையன்ட்டுக்குச் சொல்லாத கதையா?" என்று சிரித்தார். அப்பளத்தை என் தட்டில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். அப்பளம் அவருக்கு மிகவும் பிடிக்கும்.

அன்று மாலை எனக்குத் தலைவலி. மையப் புள்ளியை நகர்த்தி விண்ணப்பத்தில் ஏற்றுகிற வேலையை அவரே செய்கிறேன் என்றார். நான் வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் மாலை ஐந்து மணிக்கு விண்ணப்பக் கெடு முடியும். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து கடைசியாக ஒருமுறை வான்படத்தில் வட்டத்தைப் போட்டுப் பார்த்தேன். வடக்குப் பிரகாசம் வெளியே, தெற்குப் பிரகாசம் வெளியே. என் ஐந்தை எண்ணினேன். மூன்று. மறுபடி எண்ணினேன். மூன்றுதான். இடப்பக்க ஓரத்தில், நன்றாக உள்ளே, அக்காவின் விண்மீன்.

பக்கத்து மேசையில் அவர் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு ஏதோ தட்டச்சு செய்துகொண்டிருந்தார். எனக்குக் கோபம் வரவில்லை. சோர்வுதான் வந்தது. இதை எப்படிக் கேட்பது, கேட்டால் அவர் முகம் என்ன ஆகும், பிறகு இதே அறையில் எப்படி உட்கார்வது என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்த சோர்வு.

"அக்கா, வட்டத்தை எந்தப் பக்கம் நகர்த்துனீங்க?"

அவர் காதிலிருந்ததைக் கழற்றினார். "மேற்கே. ஏன்?"

"இங்க பாருங்க."

அவர் நாற்காலியோடு உருண்டு வந்தார். "மேற்கேதான இருக்கு," என்று திரையின் இடப்பக்கத்தைத் தொட்டார். தொட்ட விரல் அங்கேயே நின்றது.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் தன் மேசையில் ஒட்டிவைத்திருந்த வரைபடம் அவரே நிரல் எழுதிப் போட்டது. சாலை வரைபடம்போல அதில் மேற்கு இடப்பக்கம். ஆனால் வானத்தை நாம் கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கிறோம்; அதனால் எல்லா வான்படங்களிலும் கிழக்குதான் இடப்பக்கம் வரும். முதல் வருடத்தில் எல்லோரும் ஒருமுறை மாட்டுவோம். அவர் தன் படத்தைப் பார்த்து முடிவுசெய்து, வான்படத்தில் வட்டத்தை இடப்பக்கம் இழுத்துவிட்டிருக்கிறார்.

"அய்யோ," என்றார். "நீ என்ன நெனச்சிருப்ப?"

"ஒண்ணும் நெனைக்கல."

"நெனச்ச. மூஞ்சியிலயே தெரியுது." முதல்முறையாக என்னை நீ என்றார். மௌஸைப் பிடுங்கி வட்டத்தை வலப்பக்கம் இழுத்தார். அவருடைய விண்மீன் வெளியே போயிற்று. என் ஐந்தும் உள்ளே வந்தன. "போதுமா? சப்மிட் பண்ணு."

நான் பண்ணவில்லை. வட்டம் கிழக்கே இருந்த அந்தச் சில நிமிடங்களில் ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. வெளியே போன என் இரண்டு விண்மீன்களையும் வேறொரு சிறிய தொலைநோக்கி முன்பே புற ஊதாவில் படம் எடுத்திருந்தது. மங்கலான படம், ஆனால் பொதுத் தரவுச் சேமிப்பிலிருந்து யாரும் எடுத்துக்கொள்ளலாம். அக்காவின் விண்மீன் இருக்கும் பக்கத்தை எந்தப் புற ஊதாத் தொலைநோக்கியும் பார்த்ததில்லை. இது எனக்கு முன்பே தெரியும். அட்டவணையில் அதற்கு ஒரு பத்தி இல்லாததால் கணக்கில் வரவில்லை.

வட்டத்தை மறுபடி இடப்பக்கம் இழுத்தேன்.

"என்ன பண்ற?"

"கிழக்கேயே இருக்கட்டும் அக்கா."

"எதுக்கு? பாவம்னா?"

"இல்ல..."

"என் தப்பால எனக்கு ஒண்ணு கெடைக்கணும்னு அவசியமில்ல. பாவம் பாத்து கெடைக்கணும்னும் அவசியமில்ல. நாளைக்கு உன் தீசிஸ்ல மூணுதான் இருக்கும், ஒவ்வொரு தடவையும் நீ என்னைப் பாக்கும்போது மீதி ரெண்டு ஞாபகம் வரும். எனக்கு அது வேண்டாம்." வட்டம் வலப்பக்கம் போயிற்று.

"பழைய படம் இருக்கு அக்கா, என் ரெண்டுக்கும்."

"அது மங்கல். நீயே போன மாசம் திட்டுன."

"திட்டுனேன். இல்லாததுக்கு இது மேல்."

வட்டம் இடப்பக்கம் வந்தது. அந்த நேரம் பார்த்து வழிகாட்டி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "இன்னும் சப்மிட் ஆகல்லியா? கடைசி நிமிஷத்துல சர்வர் படுத்துரும், சொல்லிட்டேன்." திரையைப் பார்த்தார். ஆளுக்கொரு கையால் ஒரே மௌஸைப் பிடித்திருந்த எங்களைப் பார்த்தார். கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

அக்கா கையை எடுத்துக்கொண்டார். பிறகு விண்ணப்பத்தில் 'மையத்தை நகர்த்தக் காரணம்' என்று இருந்த கட்டத்தைக் காட்டினார்.

"இதுல எழுது. என் பேரு, என் கமிட்டி, எதுவும் வராம, விண்மீனை மட்டும் வெச்சு எழுத முடிஞ்சா எழுது. படிச்சுப் பாத்து நான் நம்புனா கிழக்கே. இல்லன்னா மேற்கே."

எழுதினேன். மேற்கில் விடுபடும் இரண்டு விண்மீன்களுக்கும் முந்தைய புற ஊதாத் தரவு, ஆழம் குறைவென்றாலும், இருக்கிறது. கிழக்கு ஓரத்திலுள்ள பேரியம் மிகுந்த விண்மீனுக்கு எந்தத் தரவும் இல்லை. கொத்தின் நடுவிலும் ஓரத்திலும் துணைகளோடு பொருள் பரிமாறிக்கொண்ட விண்மீன்களை ஒரே படத்தில் ஒப்பிட இந்த மையம் மட்டுமே இடம்தருகிறது. கடைசி வரி எழுதும்போதுதான் அந்த ஒப்பீடு எனக்கே தோன்றியது. அது உண்மையாகவும் இருந்தது.

அவர் மூன்று முறை படித்தார். 'மட்டுமே' என்பதை எடுத்துவிட்டு 'சிறப்பாக' என்று போட்டார். "மட்டுமேன்னு எழுதுனா ரிவ்யூவர் சண்டைக்கு வருவான்," என்றார். பிறகு அனுப்பு பொத்தானை அவரே அழுத்தினார். நன்றி சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. இருவரும் டீ குடிக்கப் போனோம். டீக்கடையில் நின்றபடி அவர் மழையைப் பற்றியும் மெட்ரோ வேலைக்காக மூடிய சாலையைப் பற்றியும் மட்டும் பேசினார்.

தொலைநோக்கியில் நேரம் கிடைத்தது. நேரம் ஒதுக்கிய கடிதத்தைக் காட்டியதும் மதிப்பீட்டுக் குழு அவருக்கு இன்னொரு வருடம் கொடுத்தது. தரவு வர மாதங்கள் ஆயின. வந்த அன்று படத்தைத் திறந்தபோது மழை பெய்துகொண்டிருந்தது. அறையில் நாங்கள் இருவர் மட்டும். புற ஊதாவில் கொத்து அடையாளமே தெரியாது. கண்ணுக்குப் பிரகாசமானவை எல்லாம் காணாமல்போய், சில புள்ளிகள்தான் மிஞ்சும். அக்கா ஆயத்தொலைவுகளைப் போட்டு இடப்பக்க ஓரத்தைப் பெரிதாக்கினார். அங்கே சின்னதாக ஒரு புள்ளி இருந்தது. அந்த மாதிரி மஞ்சள் விண்மீன் தனியாக இருந்தால் புற ஊதாவில் அப்படித் தெரியவே கூடாது.

"இருக்கான்," என்றார் மெதுவாக. உடனே, "பின்னணியில இருக்கிற ஏதாவது கேலக்ஸியாக்கூட இருக்கலாம். சரிபாக்கணும்," என்றார். அன்று முழுக்க அந்த ஒரு புள்ளியை விட்டு அவர் நகரவில்லை.

என் மூன்றில் இரண்டுக்குத் துணை தெரிந்தது. ஒன்றுக்கு இல்லை. விட்டுவந்த இரண்டுக்குப் பழைய படத்தை எடுத்து, அதில் கலந்திருந்த வேண்டாத சிதறல் வெளிச்சத்தைக் கழித்துக் கழித்துப் பார்த்தேன். பிரகாசமான அந்த ஒன்றின் அளவு, துணை இருக்கிறது என்றும் சொல்ல விடாமல் இல்லை என்றும் சொல்ல விடாமல் நடுவில் நின்றது. புதிய படம் இருந்திருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும். பிழையின் எல்லையைக் கணக்கிடவே ஒரு மழைக்காலம் போயிற்று. "இந்த வருஷமாவது முடிஞ்சிடுமா?" என்று அம்மா கேட்டார். அடுத்த வருஷம் என்றேன். அவர் சாப்பாட்டைச் சூடாக்கப் போனார்.

இப்போது மூன்றாவது அத்தியாயத்தில் அந்த விண்மீனுக்கு ஒரு பக்கம் இருக்கிறது. துணை இருக்கலாம், இப்போதுள்ள தரவால் உறுதிசெய்ய முடியவில்லை என்று முடிகிறது. போன வாரம் அக்கா வரைவைப் படித்துவிட்டு, அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இதை எங்கிட்ட கேக்காம விட்டுட்டியே, இந்த அளவை நான் இன்னொரு முறையில எடுத்துப் பாக்கவா?" என்றார்.

"பாருங்க அக்கா," என்றேன். தரவை அவருக்கு அனுப்பிவிட்டு, மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டேன்.