சாமி அலமாரிக்குள் ஒரு சிவப்பு விளக்கு

எங்கள் வீட்டு வைஃபை பெட்டி சாமி அலமாரிக்குள் இருக்கிறது. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். மலேசியாவில், கிள்ளானில் எங்கள் வீட்டைக் கட்டிய மகராசன் ஹாலுக்கு இரண்டே இரண்டு பிளக் பாயிண்ட் வைத்துவிட்டுப் போனான். ஒன்றை டிவி பிடித்துக்கொண்டது, இன்னொன்று சாமிக்கு. லைன் போட வந்தவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "அங்கிள், இதுக்குள்ளயே வெச்சிடவா?" என்று கேட்டார். அப்பா, "தாராளமா வை" என்றார். அன்று முதல் முருகனுக்கும் மாரியம்மனுக்கும் நடுவில் ஒரு வெள்ளைப் பெட்டி குடியேறியது.

அப்பா அதை வேற்று ஆளாக நினைக்கவில்லை. வெள்ளிக்கிழமை சாம்பிராணி காட்டும்போது அதற்கும் சேர்த்துக் காட்டினார். ஆயுத பூஜைக்கு விபூதிப் பட்டை, சந்தனம், குங்குமம். பெட்டியில் எரியும் சின்ன விளக்குகளுக்குக் கீழே பொடி எழுத்தில் ஏதோ அச்சடித்திருந்தது. இரண்டு வருடப் பக்தியில் அது முழுக்க மூடிப்போனது. ஆகவே ஐந்து விளக்கில் எது எதற்கு என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. பச்சை எரிந்தால் நல்லது என்பது என் கட்சி. எது கெட்டாலும் சுவிட்சை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்பது என் வீட்டுக்காரர் கட்சி. மனிதர் எனக்குக் காய்ச்சல் வந்தால்கூட அதைத்தான் செய்வார், சுவிட்ச் எங்கே என்று தெரியாததால் தப்பித்தேன்.

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அப்பா காப்பியைக் குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். யாருக்கும் தொந்தரவு தராத மனிதர் என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். உயிரோடு இருந்த காலம் முழுக்க எனக்குத் தொந்தரவுதான் தந்தார். காய்கறி வாங்கி வந்தால் வெண்டைக்காயை ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்த்து முற்றல் என்பார். அந்த நச்சரிப்பு இனி இல்லை என்பதை நம்பவே முடியவில்லை.

தம்பி கனடாவில் இருக்கிறான். அவன் விமானம் பிடித்து வந்து சேர இரண்டு நாளாகும். போலீஸ், மருத்துவமனை எல்லாம் முடிந்து அப்பாவை மறுநாள் காலைதான் வீட்டுக்குக் கொண்டு வர முடிந்தது. மின்சுடலையில் எரிக்க அன்று மூன்று மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். அதை விட்டால் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை எடுக்கக் கூடாது என்று பெரியவர்கள் ஒரே பிடியாக நின்றார்கள். தம்பியிடம் போனில் சொன்னேன். அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். அவன் கத்தவில்லை.

"பெட்டிய மூடுறதுக்கு முன்ன அப்பா முகத்த ஒரு தடவ காட்டுக்கா. அது போதும்" என்றான்.

காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். இதில் என்ன பெரிய வேலை, கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தால் ஆயிற்று என்று நினைத்தேன்.

காலையில் முதல் ஆளாக ரவாங்கிலிருந்து வந்து இறங்கியது அத்தை, அப்பாவின் அக்கா. அழுதுகொண்டே உள்ளே நுழைந்தார், அழுதுகொண்டே விளக்கை மலையேற்றினார், அழுதுகொண்டே சாமி அலமாரியின் இரண்டு கதவுகளையும் அழுத்திச் சாத்தினார். இழவு வீட்டில் பதினாறு நாளைக்குச் சாமி திறந்திருக்கக் கூடாது. சரிதான், வழக்கம். உள்ளே இருக்கும் வைஃபை பெட்டியைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? எனக்கே நினைப்பு வரவில்லை.

ஒன்றரை மணிக்குத் தம்பியைக் கூப்பிட்டேன். அவன் முகம் வரவேண்டிய இடத்தில் ஒரு வளையம் சுற்றிக்கொண்டே இருந்தது. எங்கள் ஹாலில் சாதாரண போன் லைன் தேறாது. வெளி கேட்டுக்குப் பக்கத்தில் போனால் குரல் வரும், படம் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கும். அப்பாவோ ஹாலில் படுத்திருக்கிறார். சவப்பெட்டிக்காரர் வந்து, "ரெண்டு மணிக்கு மூடிடணும் அக்கா. பெடரல் ரோட்ல ஜாம், அங்க லேட்டா போனா உள்ள விடமாட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

என் வீட்டுக்காரர் கைப்பேசியை வாங்கிப் பார்த்தார். "வைஃபை ஃபுல்லா இருக்கே, அப்புறம் என்ன?" என்றார்.

அலமாரிக் கதவில் பூ வேலைப்பாடாக ஓட்டைகள் உண்டு. அதன் வழியே எட்டிப் பார்த்தேன். இரண்டு பச்சை எரிந்தது. ஒரு சிவப்பு கண்ணைச் சிமிட்டியது. அதை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. வீட்டுக்காரர் சுவரில் இருந்த சுவிட்சை அணைத்துப் போட்டார். எல்லாம் ஒருமுறை ஆடி அடங்கி, மறுபடியும் அதே சிவப்பு. மூன்று தடவை செய்தார். நான்காம் தடவை, "பின்னால ஒரு சின்ன ஓட்ட இருக்கும், ஊக்கு இருந்தா குடு, குத்திப் பாக்கலாம்" என்றார். "உங்கள நாலு குத்து குத்தினா எனக்கு நிம்மதி" என்றேன். சாவு வீட்டில் பேசுகிற பேச்சா என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

அப்போது வெளியே போட்டிருந்த கூடாரத்தில் உறுமி அடித்துக்கொண்டிருந்த குழுவிலிருந்து ஒருவர் தண்ணீர் கேட்டு வாசலுக்கு வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், தோளில் உறுமி தொங்கியது. எங்கள் கூத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அக்கா, தப்பா நெனக்காதீங்க. நான் வீக்டேஸ்ல ஃபைபர் லைன் இழுக்கற வேல. இன்னிக்கி லீவு போட்டு வந்தேன். அந்தச் சிவப்பு சிமிட்டுற வரைக்கும் நீங்க நூறு தடவ ஆஃப் பண்ணாலும் வராது லா."

"பச்ச எரியுதே தம்பி."

"ஒரு பச்ச, கரண்ட் இருக்குங்குது. இன்னொரு பச்ச, வைஃபை வீசுதுங்குது. அவ்வளவுதான். வெளியிலேர்ந்து வர்ற கண்ணாடி ஒயர்ல வெளிச்சமே வரலன்னு சிவப்பு சொல்லுது."

குழாய் நன்றாக இருக்கிறது, தொட்டியில் தண்ணீர் இல்லை. எனக்கு அப்படித்தான் புரிந்தது. அவர் உறுமியைக் கழற்றி வைத்துவிட்டு, சுவரோடு வந்த மஞ்சள் ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனார். அது அலமாரியின் ஓரத்தில், கதவின் கீலுக்குள் நுழைந்தது. அங்கே நின்றுவிட்டார்.

"கதவு நசுக்குதுக்கா. மடங்கியிருந்தா நிமித்திடலாம். ஒடஞ்சிருந்தா போச்சு. தெறந்தாதான் தெரியும்."

அத்தை எழுந்து வந்து கதவில் முதுகைச் சாய்த்து நின்றார். "பதினாறு நாள் முடியாம இத யாரும் தொடக் கூடாது. என் தம்பி நல்லபடியா போய்ச் சேர வேணாமா?"

"உங்க தம்பி போய்ச் சேர்றது இருக்கட்டும் அத்தே. என் தம்பி அங்க போனக் கையில வெச்சிக்கிட்டு உக்காந்திருக்கான்."

சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. கோபமா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. மணி ஒன்று ஐம்பது. அத்தை என்னைப் பார்த்தார், தன் தம்பியைப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார்.

"நான் சாமிய மூடிக்கிறேன். நீங்க அந்தப் பொட்டிய மட்டும் பாருங்க. ரெண்டு நிமிஷம்."

அத்தை துண்டை விரித்து முருகனையும் மாரியம்மனையும் மறைத்துப் பிடித்துக்கொண்டார், கண்ணையும் இறுக மூடிக்கொண்டார். உறுமிக்காரர் துண்டுக்கு அடியில் கையை விட்டு ஒயரை வெளியே எடுத்தார். ஓரிடத்தில் கொக்கி மாதிரி மடங்கியிருந்தது. குழந்தை விரலை நீவிவிடுவதுபோல மெதுவாக நீவினார். சிவப்பு அணைந்தது. அதன் பக்கத்தில் புதிதாக ஒரு பச்சை சிமிட்டத் தொடங்கியது.

"வந்திருச்சா?" என்றேன்.

"இன்னும் இல்ல. சிமிட்டுனா தேடுதுன்னு அர்த்தம். நின்னு எரியணும்."

ஒப்பாரி நின்றது. கூடாரத்தில் இருந்தவர்களும் உள்ளே வந்துவிட்டார்கள். செத்தவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாற்பது பேர் ஒரு பெட்டியின் விளக்கைப் பார்த்து நின்றோம். சவப்பெட்டிக்காரர் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவரும் கழுத்தை நீட்டினார். கண்ணை மூடியிருந்த அத்தை மட்டும், "எரியுதா, எரியுதா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பச்சை நின்று எரிந்தது. இன்னொரு பச்சையும் வந்தது. கையிலிருந்த கைப்பேசி அதிர்ந்தது, தம்பிதான்.

இரண்டு மணி தாண்டியிருந்தது. சவப்பெட்டிக்காரர் ஒதுங்கி வழிவிட்டார். நான் அப்பாவின் தலைமாட்டில் மண்டியிட்டு, கைப்பேசியை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். தம்பி பேசவில்லை. படம் நின்றுபோயிற்றோ என்று பயந்து திருப்பிப் பார்த்தேன். நிற்கவில்லை, அவன் பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடியும் அப்பா பக்கம் திருப்பினேன்.

அப்போது கேட்டான். "சட்டைய யாருக்கா போட்டுவிட்டது?"

"பெட்டிக்காரர் ஆளுங்கதான். ஏன்டா?"

"கழுத்து வரைக்கும் பட்டன் போட்டிருக்காங்க. மேல் பட்டனக் கழட்டி விடுக்கா, அவருக்குப் புழுங்கும்."

காலையிலிருந்து எத்தனை பேர் அந்த முகத்தைப் பார்த்து அழுதோம், ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. அவருக்குச் சோறு போட்ட, சட்டை துவைத்த என் கண்ணிலும் படவில்லை. மனதுக்குள் என்னை நானே திட்டிக்கொண்டேன். கைப்பேசியை அத்தையிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையாலும் பட்டனைக் கழற்றினேன். காலரைத் தளர்த்தி விட்டேன்.

"இப்ப சரியாடா?" என்று கேட்டேன்.

"சரிக்கா" என்றான். "இப்ப அப்பாதான்."