கிறுக்காசுபத்திரி சிஸ்டர்

மனநோய் ஆசுபத்திரியில் நர்ஸ் வேலை பார்ப்பவளுக்கு உள்ள முதல் கஷ்டம், என்ன வேலை பார்க்கிறோம் என்று நாலு பேரிடம் சொல்வதுதான். பிரசவ வார்டு என்றால் "கைராசி உண்டா?" என்பார்கள். கண் ஆசுபத்திரி என்றால் தங்கள் கண்ணைத் திறந்து காட்டுவார்கள். நம் இடத்தைச் சொன்னால் மட்டும் ஓரடி பின்னால் நகர்ந்து, நம் கண்ணை உற்றுப் பார்ப்பார்கள். அந்தப் பார்வையைச் சம்பளத்தோடு சேர்த்து வாங்கிய என் கூட்டாளிகளே, இது உங்களுக்காக எழுதுவது.

நாகர்கோவிலைத் தாண்டி ஆரல்வாய்மொழி போகிற ரோட்டில் இருந்தது எங்கள் ஆசுபத்திரி. திருவிதாங்கூரில் ராஜா ஆட்சி முடிகிற சமயத்தில் சேர்ந்தேன். எங்கள் பகுதி திருவிதாங்கூரை விட்டு மதராஸ் ராஜ்யத்தோடு சேர்ந்த வருஷம் வரை அங்கேதான். ஓட்டுக் கட்டிடம், சுற்றிலும் வேப்பமரம். ஆனி ஆடியில் கணவாய்க் காற்று கிளம்பினால் கொடியில் போட்ட சேலைகளை அடுத்த வயலில்தான் போய்ப் பொறுக்க வேண்டும். இப்போதுபோல் விதவிதமான மாத்திரைகள் அன்று கிடையாது. தூக்க மருந்து இருந்தது, கரண்டு வைத்தியம் இருந்தது. மற்றபடி சோறு, குளியல், தோட்ட வேலை, பக்கத்தில் உட்கார்ந்து பேச்சு. அந்தப் பேச்சுகளில் சில இன்னும் என் காதிலேயே இருக்கின்றன.

முதல் நாள் பஸ்

வேலையில் சேர வடசேரியில் பஸ் ஏறினேன். கரியை எரித்து அந்தப் புகையில் ஓடுகிற அந்தக் காலத்து பஸ். கையில் ஒரு தகரப்பெட்டி, துணைக்கு ஆளில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூக்காரப் பெண் தோவாளைக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். காலிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, என் கம்மல் எந்த ஆசாரி செய்தது என்பது வரை விசாரித்துக்கொண்டு வந்தாள். திடீரென்று கண்டக்டர், "கிறுக்காசுபத்திரி ஆராவது உண்டா?" என்று கத்தினார். நான் எழுந்து நின்றேன்.

பஸ்ஸில் அதுவரை இருந்த சத்தம் அப்படியே அடங்கிப்போனது. யாருக்கும் செய்யாத உபசாரமாகக் கண்டக்டரே என் பெட்டியை இறக்கிவைத்தார். நான் படியில் கால் வைக்கும்வரை டிரைவர் திரும்பிப் பார்த்துக் காத்திருந்தார். பூக்காரப் பெண் கூடையின் அடியில் ஒட்டிக்கிடந்த பிச்சிப்பூவைத் தேடி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. "கொண்டாந்து விட ஆளு கூட இல்லியா மக்கா? நீயாத்தான் வந்தியா?"

கட்டை அவிழ்த்தபோது

கருங்கல் சந்தையில் பலசரக்குக் கடை வைத்திருந்த செல்லையா தன் மனைவி பொன்னுத்தங்கத்தை வில்வண்டியில் கொண்டுவந்தார். முதல் பிரசவம் முடிந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. தூக்கம் போய், பேச்சு மாறி, தன் பிள்ளையை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று தெருத்தெருவாக ஓடியிருக்கிறாள். அய்யாவழிக்காரர்களின் தாங்கலில் நாமம் வாங்கி நெற்றியில் இட்டார்கள், வைத்தியரிடம் எண்ணெய் வாங்கித் தேய்த்தார்கள். ஒன்றிலும் அடங்கவில்லை. கடைசியில் பிள்ளையைச் செல்லையாவின் அம்மா எடுத்துக்கொண்டாள். இவளுடைய இரண்டு கைகளையும் சேர்த்துக் கயிற்றால் கட்டி வண்டியில் ஏற்றிவிட்டார்கள். செல்லையாவின் முழங்கையில் பல் பதிந்த காயம் ஆறாமல் இருந்தது.

எங்கள் பெரிய டாக்டர் திருவனந்தபுரத்துக்காரர். பாதி மலையாளம், பாதி தமிழ். "முதல்ல கெட்டு அவிழ்க்கணும்" என்றார். "அவுத்தா ஓடிருவா டாக்டரே!" என்றார் செல்லையா. "ஓடட்டே. மதில் வரைக்கும்தானே. பேடிக்கண்டாம், பயம் வேண்டாம்" என்றார் டாக்டர். செல்லையா முடிச்சில் கை வைத்தார், முழங்கைக் காயத்தைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். எங்கள் வார்டர் ஏசுவடியான் வந்து முடிச்சை அவிழ்த்தார். ஏசுவடியானுக்கு ஆள் பருமனும் மீசைப் பருமனும் சமம், ஆனால் கை மட்டும் பூத்தொடுக்கிற கை.

அவள் ஓடவில்லை. மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள். அப்போதுதான் கவனித்தேன், அவளுடைய ரவிக்கை முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. சுற்றி நின்ற எங்கள் ஒவ்வொருவர் கையையும் பார்த்துக்கொண்டே வந்து என்னிடம் நிறுத்தினாள். "கையை அவுத்தாச்சுல்லா. பிள்ளையத் தாங்க சிஸ்டர், மாரு கடுக்குது."

ஞாயிற்றுக்கிழமை வாசனை

அந்தக் காலத்துத் தூக்க மருந்தின் வாடையை அறிந்தவர்கள் மறக்கமாட்டார்கள். தண்ணீர் மாதிரி இருக்கும், ஆனால் ஒரு சொட்டு சேலையில் பட்டால் பட்டதுதான். சாராயக்கடைக்குள் ஒரு ராத்திரி தங்கிவந்த வாடை. சோப்புக்கும் போகாது, வெயிலுக்கும் போகாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ராத்திரி வேலை முடிந்து அதே சேலையோடு நேராகச் சபைக்குப் போய்விட்டேன். முதல் பாட்டு பாடும்போதே என் பெஞ்சு காலியாகத் தொடங்கியது. பிரசங்கம் தொடங்கியபோது எனக்கு இருபுறமும் நல்ல இடம். ஆராதனை முடிந்து வெளியே வந்தேன். போதகர் வீட்டம்மா என்னைத் தனியாகப் புளியமரத்தடிக்குக் கூட்டிப்போனார். நான் வாய் திறப்பதற்குள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டார். "ஞானம்மா, உனக்கு அங்க எம்புட்டுக் கஷ்டம் இருந்தாலும் எங்கிட்ட வந்து சொல்லப்பிடாதா? அதுக்குண்ணு குடிக்கலாமா மக்கா?"

நாட்டை ஆளுவது யார்?

நோயாளிக்குப் புத்தி தெளிந்திருக்கிறதா என்று பார்க்க டாக்டர் சில கேள்விகள் கேட்பார். இன்று என்ன கிழமை, இது என்ன ஊர், நாட்டை ஆளுவது யார். நான் சேர்ந்த புதிதில் இந்தக் கடைசிக் கேள்விக்குக் கஷ்டமே இல்லை. எவ்வளவு கலங்கிக் கிடப்பவரும் "பொன்னு தம்புரான்" என்றுவிடுவார். பிறகு ராஜா போனார், மந்திரிசபை வந்தது. அந்த மந்திரிசபையும் போனது, வேறொன்று வந்தது. டாக்டர் மட்டும் கேள்வியை மாற்றவில்லை.

ஆண்கள் வார்டில் மாசிலாமணி வாத்தியார் என்று ஒருவர் இருந்தார். தன் குடலெல்லாம் அழுகிவிட்டது என்று நம்பி, மாதக்கணக்கில் சோறு வேண்டாம் என்று கிடந்தவர். கரண்டு வைத்தியத்துக்குப் பிறகு மெல்ல மெல்லத் தெளிந்து, கஞ்சியில் உப்புப் பற்றாது என்று சண்டை போடுகிற அளவுக்கு வந்திருந்தார். டாக்டர் அவரை உட்காரவைத்து முறைப்படி கேள்விகளைத் தொடங்கினார். கிழமை சரி. ஊர் சரி. "நாட்டை ஆளுவது யார்?" என்றார். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார், ஜன்னல் வழியாக வாசல் கேட்டைப் பார்த்தார். "இன்னைக்குள்ள பேப்பர் வந்தாச்சா டாக்டரே? அதைப் பாத்துட்டுச் சொல்லுதேன்."

சந்தைக்குப் போகிறவர்

பொன்னுத்தங்கம் தெளிந்த விதத்தைச் சொல்ல வேண்டும். முதலில் தூங்கினாள். பிறகு சாப்பிட்டாள். பிறகு அழுதாள். அழத் தொடங்கியதும் டாக்டர், "இனி நன்னாவும்" என்றார். நடந்ததெல்லாம் அவளுக்குத் துண்டுதுண்டாக நினைவு வந்தது. ஒவ்வொரு துண்டு வரும்போதும் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொள்வாள். "எனக்க பிள்ளைய நானே பிசாசுண்ணு சொன்னேனா சிஸ்டர்?" என்று ஒருநாள் கேட்டாள். "சொன்னது சீக்கு, நீயில்லை" என்றேன். நம்பவில்லை. நம்ப வெகுநாள் ஆயிற்று.

அவளை ஆசுபத்திரியில் போய்ப் பார்க்கக் கூடாது என்பது மாமியாரின் கண்டிப்பு. ஆகவே செல்லையா, வடசேரிச் சந்தைக்குச் சரக்கெடுக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வருவார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். சொன்னதை மெய்யாக்குவதற்காகவே வழியில் இறங்கி ஒரு சாக்கு மிளகாயோ புளியோ வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு வருவார். வேப்பமரத்தடிப் பெஞ்சில் இந்த நுனியில் அவர், அந்த நுனியில் அவள், நடுவில் மிளகாய்ச் சாக்கு. பிள்ளைக்குப் பல் முளைத்த சேதி, தவழ்ந்து போய்த் தண்ணீர்ச் சருவத்தைக் கவிழ்த்த சேதி எல்லாம் அந்தச் சாக்குக்கு மேலாகத்தான் போய்ச் சேரும். ஏசுவடியான் மட்டும் தும்மிக்கொண்டே இருப்பார்.

ஒருநாள் அவள் உள்ளே போனபிறகு செல்லையா என்னிடம் வந்தார். அம்மா வேறு பெண் பார்க்கிறாள் என்றார். இதை மனைவியிடம் சொல்லவில்லை என்றும் சொன்னார். பிறகு, "இந்தச் சீக்கு இனியும் வருமா?" என்று கேட்டார். வராது என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் "வரலாம், வராமலும் போகலாம்" என்பதுதான் உண்மை, அதையே சொன்னேன். அவர் குனிந்து சாக்கைத் தூக்கித் தோளில் வைத்தார். கேட் வரை போனவர் திரும்பி வந்தார். "சந்தையில இன்னைக்கு வரைக்கும் ஒரு சாமானையும் உத்தரவாதம் கேட்டு நான் வாங்குனதில்ல சிஸ்டர். எனக்க பெஞ்சாதிக்கு மட்டும் எதுக்குக் கேக்கணும்?"

திரும்பி வந்த வாத்தியார்

மாசிலாமணி வாத்தியாரை வீட்டுக்கு அனுப்பிய நாள் எங்களுக்குப் பண்டிகை மாதிரி. சமையல்காரர் பாயசம் வைத்தார். ஏசுவடியான் பஸ் வரை வாத்தியாரின் குடையைப் பிடித்துக் கூட்டிப்போனார். மறுநாள் மதியம் அதே பஸ்ஸில் அதே வாத்தியார், அதே குடையோடு வந்து இறங்கினார். பதறிப்போய் ஓடினோம். உடம்புக்கு ஒன்றும் இல்லை என்றார். காப்பி கேட்டார்.

நடந்தது இதுதான். வீட்டில் அவரைக் கண்டதும் அரிவாள்மணையை எடுத்து ஒளித்துவைத்தார்கள். பேரப்பிள்ளைகளை அடுத்த வீட்டுக்கு அனுப்பினார்கள். சோறு போட்டுவிட்டு, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள். பெரிய டாக்டர் அடுத்த வாரமே தன் காரில் அந்த வீட்டுக்குப் போனார், எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினார், கூடவே சாப்பிட்டும் வந்தார். அதன்பிறகு வாத்தியார் போய் நல்லபடியாக இருந்தார். ஆனால் அன்று மதியம் காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு எங்களிடம் சொன்னது மறக்காது. "வீட்டுல உள்ளவியளுக்கு இன்னும் சொகமாகல்ல சிஸ்டர். அது வரைக்கும் நான் இங்க இருக்கேன்."

பிள்ளை வந்த நாள்

மிளகாய்ச் சாக்கு எத்தனை நாள்தான் காப்பாற்றும்? வீட்டில் மிளகாய் குவிந்துபோய் மாமியாருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஒருநாள் காலை அவளே பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மகனைப் பின்னால் நடக்கவிட்டு, கேட்டுக்குள் நுழைந்தாள். ஒல்லியான உடம்பு, இறுகிய வாய். "ரெண்டு கண்ணாலயும் பாத்துட்டுப் போகத்தான் வந்தேன்" என்றாள். பார்த்துவிட்டு என்ன செய்வாள் என்பதை யாரும் கேட்கவில்லை. மகனுக்கு வேறு பெண் பார்க்கிற விஷயம் எங்களுக்குத் தெரியும்.

பொன்னுத்தங்கம் கை நீட்டினாள். பிள்ளை அவள் முகத்தைப் பார்த்து அலறிக்கொண்டு பாட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அவள் பிடுங்கிவிடுவாளோ, விழுந்து கதறுவாளோ என்று ஏசுவடியான்கூட ஓரடி முன்னால் வந்தார். அவள் நீட்டிய கையை மெதுவாக இழுத்துக்கொண்டாள். சற்றுத் தள்ளித் தரையில் உட்கார்ந்தாள். எங்கள் வார்டுப் பெண்கள் பின்னிப் போட்டிருந்த ஓலைப் பெட்டிகளில் சின்னதாக ஒன்றை எடுத்து, அதில் வேப்பங்கொட்டையைப் போட்டுக் குலுக்கினாள். பிள்ளையைப் பார்க்கவே இல்லை. குலுக்குவதும் நிறுத்துவதுமாகத் தன்பாட்டுக்கு இருந்தாள். அழுகை விக்கலாயிற்று. விக்கலும் நின்றது. பிள்ளை இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி, நின்று, விழுந்து, தவழ்ந்துபோய்ப் பெட்டியைப் பிடித்தது. அப்போதும் அவள் தூக்கவில்லை. அதன் உள்ளங்காலை ஒரு விரலால் தொட்டாள், அவ்வளவுதான்.

மாமியார் என் பக்கம் திரும்பாமலே கேட்டாள். "பேறுக்குப் பொறவு இப்படிச் சீக்கு வருமா?" வரும், சிலருக்கு வரும், பேயில்லை, பிசாசில்லை என்றேன். பெட்டியைக் குலுக்குகிற பிள்ளையைப் பார்த்தாள். பிறகு தாழ்ந்த குரலில், தன் தங்கை ஒருத்தி பிள்ளைக்குப் பேர் வைக்கும் முன்னே கிணற்றில் விழுந்து செத்தாள் என்றும், முனி அடித்துவிட்டது என்று ஊரே சொன்னது என்றும், தானும் அப்படித்தான் சொன்னதாகவும் சொன்னாள். இறுகிய வாய் ஒருதரம் கோணிற்று. முந்தானையால் துடைத்துக்கொண்டு மருமகளைப் பார்த்து அதட்டினாள். "ஏட்டி, என்னத்துக்கு இருந்துட்டே இருக்கே? சேலைய மாத்திட்டு வா, பஸ்ஸு போயிரும்."

கேட்டில் ஒரு தர்க்கம்

நாங்கள் மதராஸோடு சேர்ந்த வருஷம். பொன்னுத்தங்கமும் மாமியாரும் மறுபடி வந்தார்கள். பதறிப்போனேன். ஆனால் அவள் முகம் தெளிவாக இருந்தது. வயிற்றில் இரண்டாவது பிள்ளை. இந்த முறை பிரசவத்துக்கு முன்பே டாக்டரிடம் காட்டி, எப்போது எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டுப் போவதற்காக மாமியாரே கூட்டிவந்திருந்தாள். புதிதாகச் சேர்ந்திருந்த கேட் காவல்காரருக்கு இது புரியவில்லை. நோயாளி யார் என்று தெரியாமல் உள்ளே விடமுடியாது என்று மறித்தார். நான் வராந்தாவிலிருந்து இறங்கி ஓடுவதற்குள் மாமியாரின் குரல் வேப்பமரம் வரை கேட்டது. "நோயாளி இப்பம் ஆருமில்ல. இனியும் ஆரும் ஆயிரப்பிடாதுண்ணுதான்வே வந்திருக்கோம், கதவைத் தொற!"

இத்தனை வருஷம் அந்த வாசலில் எல்லோரையும் வரவேற்றும் வழியனுப்பியும் பார்த்தபிறகு, "உங்க ஆசுபத்திரியில கிறுக்கு பிடிச்சவங்க எத்தனை பேர் சிஸ்டர்?" என்று யாராவது கேட்டால், மதிலுக்கு உள்ளேயா வெளியேயா என்று நானும் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.