டாப்பர்ஸ் மனுவும் நான் சொன்ன ஒரு பெயரும்

1. போர்டு

கீரிப்பாறைக்கும் மேலே, மலையில் இருந்த ஒரு ரப்பர் எஸ்டேட்டில் டைப்பிஸ்ட் வேலை கேட்டுப் போன முதல் நாள், என்னை டைப்ரைட்டர் பக்கமே விடவில்லை. ஆபீஸ் வாசலில் ஒரு பெயிண்டர் டப்பாவும் பிரஷ்ஷுமாக நின்றான். அவனுக்கு இங்கிலீஷ் எழுத்தை வரையத் தெரியும், படிக்கத் தெரியாது. பழைய போர்டுகளில் அப்பாஸ்டிரபி என்கிற உடைமைக் குறி கண்ட கண்ட இடத்தில் கிடக்கிறது என்று துரை கத்தியிருக்கிறார். சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியும் எங்களுக்கு வெள்ளைக்காரத் துரைதான் மேனேஜர். போர்டுக்கெல்லாம் ஒழுங்காக லிஸ்ட் எழுதிக் கொடு, பிறகு வேலையைப் பற்றிப் பேசலாம் என்றார் ஹெட் கிளார்க் தாணு பிள்ளை.

மிஷன் பள்ளிக்கூடத்தில் பிரம்படி வாங்கிப் படித்த கிராமர் அன்றைக்குச் சோறு போட்டது. இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கும் சொல்லிவிடுகிறேன், பாதிப் பேர் தப்பாகத்தான் எழுதுகிறீர்கள். ஒருவருடையது என்றால் அப்பாஸ்டிரபி எஸ்ஸுக்கு முன்னால் வரும். மேனேஜர்ஸ் பங்களா அப்படி, மேனேஜர் ஒருத்தர்தான். பலருடையது என்றால் எஸ் முதலில், குறி அதற்குப் பின்னால். ஆபீசர்ஸ் கிளப், விசிட்டர்ஸ் ரூம், லேபரர்ஸ் வெல், டாப்பர்ஸ் லைன்ஸ் எல்லாம் அப்படி. மென், விமென், சில்ட்ரன் என்று எஸ் இல்லாமலே பன்மையாக நிற்கிற சொற்களுக்குக் குறி முன்னால் வந்து எஸ் பின்னால் ஒட்டும். அவ்வளவுதான் விஷயம், இதற்கு எம்.ஏ. படிக்க வேண்டாம்.

துரை லிஸ்டைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வேலை கிடைத்தது. ஒரு வாரம் நான் போர்டு போர்டாகப் போய் நின்று ரசித்தேன், வெட்கங்கெட்டவன். பால் வெட்டுகிற டாப்பர்கள் குடியிருந்த லயத்துக்கு டாப்பர்ஸ் லைன்ஸ் என்று நானே எழுதிக் கொடுத்தேனே, அந்த லயத்தில் ஒரு ஆணி அடிக்க எஸ்டேட்டில் பெர்மிஷன் வாங்க வேண்டும். இங்கிலீஷில் அவர்களுடையது என்று எழுதினால் போதும், கொடுக்க வேண்டியதில்லை. இது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

2. சிரட்டை

லேபரர்ஸ் வெல் என்று போர்டு மாட்டிய கிணறு, ரப்பர் ஷீட் அடிக்கிற ஷெட்டுக்குக் கீழே சரிவில் இருந்தது. ரப்பர் பாலை உறைய வைக்க ஆசிட் ஊற்றுவார்கள். அந்தக் கழிவுத் தண்ணீர் ஓடையை விட்டு வழிந்து கிணற்றுப் பக்கம் இறங்க ஆரம்பித்தது. லயத்தில் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம், உடம்பெல்லாம் சொறி. கங்காணியிடம் சொன்னார்கள், அவன் காய்ச்சிக் குடிக்கச் சொன்னான்.

ஒரு சாயங்காலம் பொன்னம்மை என் அறைக்கு வந்தாள். அவளும் புருஷனும் அந்த லயத்து டாப்பர்கள். இடுப்பில் அவளுடைய பெண் குழந்தை, கழுத்து நிற்காமல் தலை அவள் தோளில் கிடந்தது.

"சாரே, இங்க ஒங்களுக்குத்தான் இங்கிலீசு தெரியும். கெணத்து வெள்ளத்தைக் கோரினா ஆசிட்டு நாறுது. பிள்ளையொ செத்துப் போவும். சர்க்காருக்கு ஒரு பேப்பர் எழுதித் தாருங்க, வேற கெணறு வெட்டித் தரச் சொல்லி."

சரி என்றேன். சனிக்கிழமை மத்தியானம் தாணு பிள்ளை நாகர்கோவிலுக்கு இறங்கிப் போனதும் ஆபீஸ் மிஷினிலேயே அடித்தேன். டாப்பர்ஸ் மனு. எல்லோருடையதும் என்பதால் எஸ்ஸுக்குப் பின்னால் குறி. நல்ல இங்கிலீஷ், இன்றைக்கும் அதில் ஒரு தப்புச் சொல்ல முடியாது.

கையெழுத்துக்கு அவர்களிடம் ஒரு முறை இருந்தது. முதலில் பெயர் இருக்கிறவன்தான் தூண்டிவிட்டவன் என்று எஸ்டேட்டில் பிடித்துக்கொள்வார்கள். அதனால் பால் பிடிக்கிற தேங்காய்ச் சிரட்டை ஒன்றை மனுவின் அடியில் கவிழ்த்து, பென்சிலால் வட்டம் போட்டு, அதைச் சுற்றி ஆளுக்கொரு பெருவிரல் ரேகை வைத்தார்கள். பெயர்களை நான் வட்டமாகவே எழுதினேன். எது முதல், எது கடைசி என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் எதிரே நான் உட்கார்ந்திருந்தேன். பயந்து பயந்து எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, முதலில் விரல் வைத்தவள் பொன்னம்மை.

3. ரிமார்க்ஸ்

சர்க்கார் ஆபீஸ் என்ன செய்யும்? யார் மேல் புகாரோ அவருக்கே அந்த மனுவை ரிமார்க்ஸ் கேட்டு அனுப்பும். எல்லாத் தபாலையும் போல அதுவும் எங்கள் ஆபீஸுக்கே வந்து சேர்ந்தது. தாணு பிள்ளை கதவைச் சாத்திவிட்டுப் பேப்பரை என் மேஜையில் போட்டார். அவர் விரல் இடது பக்க மூலையில் இருந்தது.

எந்தக் கடிதம் அடித்தாலும் அந்த மூலையில் கடிதம் சொன்னவரின் இனிஷியல், ஒரு கோடு, அடித்தவனின் இனிஷியல் போட வேண்டும். அது டைப்பிஸ்டின் கைப்பழக்கம், மூளைக்கு அதில் வேலை இல்லை. நான் துரையின் இனிஷியலையும் என்னுடையதையும் அடித்து வைத்திருந்தேன்.

"தொரை மேல உள்ள பெட்டிசன்ல தொரை இனிசியலையே அடிச்சு வச்சிருக்கியே, நீ என்ன பெறவிலே?" என்றார். அவருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த மனுஷன் கொடுமைக்காரர் இல்லை, அதுதான் கஷ்டம்.

"ஒனக்குக் கீழ ரெண்டு தங்கச்சி இருக்கு, கேட்டியா மக்கா. இதை அடிச்சது நீன்னு தொரைக்குத் தெரியாம நான் பாத்துக்கிடுதேன். எல்லாரையும் வெரட்டிட்டா பாலை ஆரு வெட்டுவா? தொரைக்கு ஒரு பேரு போதும். மொதல்ல வெரல் வச்சது ஆரு?"

டாப்பர்ஸ் எல்லோரும் சேர்ந்துதான் வைத்தார்கள் என்றேன்.

"டாப்பர்ஸ்னு ஒரு ஆளு மஸ்டர் ரோல்ல கெடையாதுலே. பேரைச் சொல்லு."

சொன்னேன். யாரும் என்னை அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. அவர் இரண்டாம் தடவை கேட்டார், நான் பொன்னம்மை என்றேன், அவ்வளவுதான்.

4. நோட்டீஸ்

இங்கிலீஷில் காலத்துக்கும் இந்த உடைமைக் குறி உண்டு. ஒரு வாரக் கூலி, மூன்று மாத லீவு என்பதையெல்லாம் அப்படித்தான் எழுதுவார்கள். டூ டேஸ் நோட்டீஸ் என்றால் நாள் இரண்டு, ஆகவே எஸ்ஸுக்குப் பின்னால் குறி. பொன்னம்மையும் புருஷனும் இரண்டு நாளில் லயத்தைக் காலி செய்ய வேண்டும் என்ற நோட்டீஸை நான்தான் அடித்தேன். குறியைச் சரியான இடத்தில் போட்டேன். தாணு பிள்ளை தப்பு எதுவும் இல்லை என்று துரையிடம் கையெழுத்துக்கு அனுப்பினார். மலையை விட்டு அவர்கள் இறங்கிப் போனபோது நான் ஆபீஸை விட்டு வெளியே வரவில்லை.

கிணறு? துரை பதில் எழுதினார், தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று. அதையும் நான்தான் அடித்தேன். வேறு கிணறு வெட்டவே இல்லை.

5. கொட்டாரம்

எங்கள் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்த வருஷம், ஐம்பத்தாறில், தங்கை ஒருத்திக்கு மாப்பிள்ளை பார்க்கக் கொட்டாரம் என்ற ஊருக்குப் போயிருந்தேன். வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த ஒருத்தி, சாரே என்று கூப்பிட்டுக்கொண்டே வரப்பில் ஏறி வந்தாள். பொன்னம்மை. திரும்பி ஓடிவிடலாமா என்றிருந்தது. குழந்தை பிழைத்துவிட்டதாம், பள்ளிக்கூடம் போகிறதாம். எனக்கு முதலில் வந்தது நிம்மதி, அதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

"புதுக் கெணறு வெட்டியாச்சா சாரே?"

வெட்டியாயிற்று என்றேன்.

"நல்ல வெள்ளமா?"

நல்ல தண்ணீர் என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. தாங்கள் ஊரை விட்டு வந்ததற்கு அதுவாவது நடந்ததே என்றாள். பிறகு ஒரு நல்ல சேதியைச் சொல்கிற மாதிரி குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"பேப்பர்ல ரேகை வச்ச மறுநாளே, வெரல்ல மையிருந்ததைப் பாத்துட்டு, எழுதித் தந்தது ஆருன்னு கங்காணி எங்க வீட்டுக்காரரைப் போட்டு அடிச்சான். மூக்கு ஒடைஞ்சு ரெத்தம். நாங்க ஒங்க பேரைச் சொல்லல்ல சாரே. ஒங்களுக்குத் தங்கச்சியொ இருக்குன்னு எங்களுக்குத் தெரியுமே."

நான் தலையை ஆட்டினேன். கும்பிட்டேனா என்றுகூட நினைவில்லை. உண்மையைச் சொல்ல வரப்பில் இடம் இருந்தது, நேரம் இருந்தது, வேறு ஆளும் இல்லை. வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டுவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

புதுப் பிள்ளைகளுக்காக, வேலையில் கற்ற பாடம் எழுதச் சொல்லி ஆபீஸில் கேட்டிருக்கிறார்கள். மேலே இருக்கிறவர் ஒரு பெயர் கேட்டால் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். வேலை போகும், போகட்டும். எனக்குப் போகவில்லை. தாணு பிள்ளைக்குப் பிறகு அவர் நாற்காலியில் என்னைத்தான் உட்கார வைத்தார்கள். நம்பகமான ஆள் என்று என் ஃபைலில் எழுதியிருந்தது.