ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாப்பாடு

பாலக்காட்டுப் பக்கம் சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ராவுத்தர் நடத்தும் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. வாரத்தில் ஒரு மத்தியானமாவது நானும் என் நண்பனும் அங்கே சாப்பிடுவோம். எனக்குப் பக்கத்திலேயே ஆபீஸ் வேலை. அவனுக்கு நல்லேப்பிள்ளியில் நெல் விவசாயம். உரம் வாங்க வரும் சாக்கில் என்னைக் கூப்பிடுவான். எந்தக் கடையில் சாப்பிட்டாலும் குறை சொல்லாமல் எழுந்திருக்க மாட்டான். சாம்பாரில் உப்பில்லை, மீன் நேற்றைய மீன் என்று பாயை ஒரு வழி பண்ணிவிடுவான். பாயும் விடமாட்டார்.

போன வருஷம் அவன் நாக்கின் ஓரத்தில் ஒரு புண் வந்தது. வெற்றிலைகூடப் போடாதவன். பல் உரசியிருக்கும் என்று மாதக்கணக்கில் விட்டுவிட்டான். கடைசியில் கோயமுத்தூரில் பரிசோதித்துவிட்டு நாக்கை எடுத்தாக வேண்டும் என்றார்கள். முழுசாக.

போவதற்கு முந்தின நாள் போன் செய்தான். "மத்தியானம் கடைக்கு வந்துரு. சாப்பிடலாம்" என்றான். பேச்சு அப்போதே குழறத் தொடங்கியிருந்தது.

நான் போனபோது வழக்கமான மேஜையில் இலை போட்டு உட்கார்ந்திருந்தான். சிவப்பு மட்டை அரிசிச் சோறு, மீன் குழம்பு, அயிலை வறுவல் இரண்டு. முதல் கவளத்திலேயே குழம்பின் காரம் புண்ணில் பட்டு முகம் சுருங்கியது. கண்ணில் நீர் வழிந்தது. தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு விழுங்காமல் வெகுநேரம் இருந்தான். பிறகு மோர் ஊற்றிப் பிசைந்தான். அதுவும் இறங்கவில்லை.

பாய்க்கு ஒன்றும் தெரியாது. "என்னங்க, இன்னைக்கு எதும் சொல்லாம இருக்கீங்க? எங்க கடை மீனு புடிக்கலீங்களா?" என்று சிரித்துக்கொண்டே வந்தார்.

"வயிறு செரியில்லீங்க பாய்" என்றான்.

அவர் போனதும் தன் இலையிலிருந்த மீனை எடுத்து என் இலையில் வைத்தான்.

"நீ தின்னு. நான் பாக்கறேன்."

"வேண்டாம்டா."

"தின்னுடா. எப்புடி இருக்குதுன்னு சொல்லு."

தின்றேன். அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். முள்ளா சதையா என்றே எனக்குத் தெரியவில்லை.

"உப்பு எப்புடி?"

"கொஞ்சம் கம்மி."

"நான் சொன்னா அந்தாளு எங்க கேக்கறாரு" என்றான். அதற்கு மேல் ஏதாவது பெரிதாகச் சொல்வான் என்று காத்திருந்தேன். நாளையிலிருந்து பேசவே போவதில்லையே. அவனோ வாய்க்காலில் இன்னும் தண்ணீர் விடவில்லை என்றான். பக்கத்துத் தோட்டத்துக்காரன் வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டான் என்றான். கை கழுவிவிட்டு வெளியே வந்து பஸ் ஏறும்போது, "நான் சாப்பிடலன்னு ஊட்டுல சொல்லிப்போடாத" என்றான். நான் கேட்ட அவன் பேச்சு அதுதான் கடைசி.

ஒரு மாதம் கழித்து அவன் வீட்டுக்குப் போனேன். மூக்கு வழியாகக் குழாய். மனைவி அதில் கஞ்சித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஏதோ சொன்னான். வெறும் ஒலி. எனக்குப் புரியாமல் தலையாட்டினேன். இன்னொரு தடவை, கையை ஆட்டிக்கொண்டு, சத்தமாகச் சொன்னான். மறுபடியும் தலையாட்டினேன். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். "ஏனுங்கண்ணா நின்னுட்டே இருக்கீங்க, உக்காருங்கன்னு சொல்றாருங்க" என்றார் மனைவி. உட்கார்ந்தேன். நான் கிளம்பும்வரை அவன் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

இப்போது கழுத்தில் மறுபடி கட்டி வந்திருக்கிறது. இனி அலைக்கழிக்க வேண்டாம், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். அவன் மனைவி வாசலுக்கே வந்து நின்றுகொண்டார்.

"தூங்கறாருங்கண்ணா."

உள்ளே டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. யாரோ சேனலை மாற்றும் சத்தமும் கேட்டது. வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான்.

"செரிங்க, அப்புறமா வர்றேன்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினேன்.