வேன் ஆட்களின் மூச்சு

அந்தத் தை மாதத்தில் எழிலுக்குத் தூக்கமெல்லாம் பஸ்ஸில்தான். காலையில் விருதுநகரில் ஒரு தனியார் கல்லூரியில் வேதியியல் பாடம், அதுவும் நிரந்தரமில்லாத வேலை. சாயங்காலம் சாத்தூரில் ட்யூஷன். பஸ்ஸின் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தான் என்றால் கண்டக்டர் வந்து தோளைத் தட்ட வேண்டும். "வாத்தியாரே, எந்திரிங்க, உங்க ஊரு" என்று எழுப்பும்போது அந்த 'வாத்தியாரே'க்கு மட்டும் அவனுடைய அசதி கொஞ்சம் வழிவிடும். ஊரில் முதன்முதலாக எம்.எஸ்ஸி. முடித்தவன் அவன். அவனுடைய தாத்தாக்கள் கரிசல் காட்டில் கூலி வேலை பார்த்தவர்கள். அம்மா ராமுத்தாய் விடியலில் கம்பெனி வேனில் ஏறி, பட்டாசுக்கு மருந்து அடைக்கப் போகிறவள். அந்த வீட்டிலிருந்து வேனுக்கு நிற்காமல் பஸ்ஸுக்கு நின்ற முதல் ஆள் எழில்.

போதாததற்கு அந்த வருஷம் அவன் மென்டராகவும் ஆகியிருந்தான்.

முந்தைய வருஷம் ஹைதராபாத்தில் நடந்த ஆராய்ச்சி மாநாட்டுக்குச் சென்னை அறக்கட்டளை ஒன்று அவனுக்கு ரயில் செலவும் தங்கும் செலவும் கொடுத்து அனுப்பியது. நிபந்தனை ஒன்றே ஒன்று. இந்த வருஷம் போய் வந்தவர் அடுத்த வருஷம் போகிற ஒரு மாணவருக்குக் கூட இருந்து சொல்லித்தர வேண்டும். ஒப்புக்கொண்டபோது லேசான காரியமாகத்தான் தெரிந்தது. ஆனால் ஹைதராபாத்தில் அவன் கண்டது என்ன? ஆய்வை விளக்கி அடித்து மாட்டிய தன் போஸ்டர் பக்கத்தில் அரை நாள் விறைத்து நின்றான். அவனிடம் வந்து பேசியவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் கழிப்பறைக்கு வழி கேட்டவர். இதை வைத்துக்கொண்டு இன்னொருவருக்கு என்ன சொல்லித்தருவது?

இந்த வருஷ மாநாடு பூனாவில். அவனிடம் ஒப்படைக்கப்பட்டவள் சுமைரா. விருதுநகரில் பருப்பு வியாபாரம் செய்யும் யாகூப்பின் மகள், விலங்கியல் எம்.எஸ்ஸி. கடைசி வருஷம். பட்டாசு வேலை பார்க்கும் பெண்களின் மூச்சு எவ்வளவு பலமாக இருக்கிறது என்பதுதான் அவளுடைய ஆய்வு. அதற்கு ஒரு பிளாஸ்டிக் குழாய் உண்டு. மூச்சை நன்றாக இழுத்து ஒரே மூச்சில் ஊதினால், நுரையீரலின் பலத்தை உள்ளே இருக்கும் முள் காட்டிவிடும். ஊத ஆள் வேண்டுமே? எந்தக் கம்பெனிக்காரர் உள்ளே விடுவார்? எழில்தான் அவளைத் தன் ஊருக்குக் கூட்டி வந்தான்.

அது தைக்கு முன்னால், தீபாவளி சீசன். சாயங்காலம் ரேஷன் கடை முன்னால் வேன் நின்றதும், முழங்கைவரை அலுமினியப் பொடி மினுங்க இறங்கிய பெண்கள், தலையில் முக்காடும் கையில் குழாயுமாக நின்ற பெண்ணைப் பார்த்து விலகி நடந்தார்கள். பஞ்சம்மாள் மட்டும் நின்றாள்.

"ஊதினா என்னத்தா குடுப்ப?"

சுமைரா முழித்தாள். எழில்தான் முந்திக்கொண்டான். "உங்க பேரெல்லாம் அச்சில வரும் அத்தே. பூனா வரைக்கும் போகும்."

அந்த ஒரு சொல்லுக்கு வேனே திரும்பி வந்தது. சிவகாசியைச் சுற்றியிருக்கிற ஊர்களில் அச்சு என்றால் பெயர். காதுகுத்து, கல்யாணம், இருக்கன்குடி கோயிலுக்குப் போகிறவர்களுக்கு மோர்ப்பந்தல், எதுவாக இருந்தாலும் நோட்டீஸ் அடிப்பார்கள். அதில் சித்தப்பன் பெயர் இருந்து பெரியப்பன் பெயர் விட்டுப்போனால், அந்தச் சொந்தம் அத்தோடு சரி. ஆனால் அந்தப் பெயர்களிலும் ஆம்பளைப் பெயர்தான் முக்கால்வாசி. ராமுத்தாயே வரிசையை ஒழுங்குபடுத்தினாள்.

"ஏ வள்ளித்தாயி, புருசனை வையிறப்ப வாற மூச்சை இதுல காட்டுடி!"

"அந்த மூச்சுக்கு இந்தக் கொழா தாங்காது மதினி."

வேன் முழுக்கச் சிரிக்க, ஒவ்வொருத்தியாக ஊதினார்கள். ஊதி முடித்து இருமினார்கள். சுமைரா எழுதிக்கொண்டே வந்தாள். முள் பல பேருக்குப் பாதி தூரத்திலேயே நின்றுவிட்டது. எழில் அதைக் கவனித்தான். அவனுடைய அம்மாவுக்கும் அப்படித்தான் நின்றது.

ஆய்வு நன்றாக வந்தது. பூனா மாநாட்டில் இடமும் கிடைத்தது, அறக்கட்டளையும் உதவி தருவதாகச் சொல்லிவிட்டது. எழில் வாரம் ஒரு தடவை போன் போட்டு, ஹைதராபாத்தில் தனக்கு யாரும் சொல்லாததையெல்லாம் சொன்னான். போஸ்டருக்குப் பின்னால் ஒளிஞ்சுக்காத. நின்னு பாக்கிறவகிட்ட நீயாப் பேசு. ரயில் டிக்கெட்டைத் தொலைச்சிராத, அதைக் காட்டினாத்தான் செலவைத் திருப்பித் தருவாக. சுமைரா எல்லாவற்றுக்கும் "சரிண்ணே" என்பாள். ஒரே ஒரு தடவைதான் தயங்கினாள்.

"அண்ணே, பேரையெல்லாம் போட வேண்டாம், எத்தனை பேருன்னு மட்டும் போட்டாப் போதும்னு எங்க காலேஜ் மேடம் சொல்றாக."

"ஊர்ல சொல்லிட்டேனேம்மா. கீழ ஒரு ஓரமாப் போட்டுரு. தமிழ்லயே போடு, அவுக வாசிக்கட்டும்."

இப்படியாக, இங்கிலீஷில் எழுதிய அந்தப் போஸ்டரின் அடியில், ஒரு வேன் நிறைந்த பெண்களின் பெயர்கள் தமிழில் ஏறின.

சுமைராவின் தாய்மாமா தவுபிக் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் சூப்பர்வைசர். தை பிறந்து காலண்டர் வேலை ஓய்ந்து, வரப்போகிற சீசனுக்குப் பட்டாசுப் பெட்டி லேபிள் ஆர்டர்கள் வரத் தொடங்கியிருந்த சமயம். சனிக்கிழமை மத்தியானம் எழிலும் சுமைராவும் போனபோது, பிளெக்ஸில் அடித்த போஸ்டர் மேசைமேல் விரிந்து கிடந்தது. மை வாடை இன்னும் போகவில்லை. அதன்மேல் குனிந்து ஒருவர் சத்தம் போட்டு வாசித்துக்கொண்டிருந்தார்.

"ராமுத்தாய்... பஞ்சம்மாள்... வள்ளித்தாய்... சொர்ணலட்சுமி... என்னலே இது, நம்ம ஆளுகளாவே இருக்கு? யாரு வீட்டுக் காதுகுத்து?"

முத்துக்கருப்பன். ராமுத்தாய் வேலை பார்க்கும் கம்பெனியின் போர்மேன். லேபிளின் மாதிரி அச்சைப் பார்க்க வந்தவர். எழிலைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"ஏலே எழிலு, நீயா? ஆமா, மேல என்னமோ இங்கிலீஷ்ல போட்டிருக்கே, என்னது?"

பொய் சொல்லியிருக்கலாம். எழிலுக்கு அந்த நேரம் பொய் சொல்லவும் தெம்பு இல்லை. சொன்னான். மூச்சுத்திறன், மருந்துத்தூள், எத்தனை வருஷ வேலைக்கு எவ்வளவு குறைகிறது என்பது வரைக்கும் சொன்னான். போர்மேனின் முகத்தில் சிரிப்பு வற்றிப்போனது.

"கம்பெனி பேரு எங்கயும் போடலை அண்ணாச்சி."

"போடலையா? இந்தப் பேரையெல்லாம் ஒரே வேன்ல ஏத்துறது எந்தக் கம்பெனின்னு சாத்தூர் ரோட்டுல நின்னு கேளு. ஆடு மேய்க்கிறவன் சொல்லுவான்." குரலைத் தாழ்த்தினார். "நான் பாத்தேன், சரி. இன்னும் செத்த நேரத்துல மேனேஜர் இங்கன வாராரு, லேபிள் கலர் பாக்க. அவரு கண்ணுல பட்டா, திங்கக்கிழமை உங்க ஊருக்கு வேன் வராது. வேற ஊரு ஆளை ஏத்திக்கிட்டுப் போயிருவாக. எம்புட்டு ஆளு காத்துக் கெடக்குன்னு உனக்குத் தெரியாதா?"

சுமைரா எழிலின் முகத்தைப் பார்த்தாள். "அண்ணே, பேர் குடுத்தவுககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"எங்கிட்டுக் கேக்க? எல்லாரும் இப்ப மருந்து அறைக்குள்ள இருக்காக. போன் உண்டா, ஒண்ணு உண்டா?" என்று போர்மேன் மறித்தார்.

தவுபிக் பிளேடையும் இரும்பு ஸ்கேலையும் எடுத்து நீட்டினார். எழில்தான் வெட்டினான். ஒரே இழுப்பில், பெயர்கள் இருந்த அடிப்பட்டை தனியாக வந்தது. மேலே இருந்த படங்களுக்கும் கட்டங்களுக்கும் ஒரு குறையும் இல்லை. முத்துக்கருப்பன் பட்டையைச் சுருட்டித் தன் ரெக்சின் பைக்குள் திணித்துக்கொண்டார். "இது எங்கிட்ட இருக்கட்டும், தம்பி." எழில் மறுக்கவில்லை. அந்த நேரத்தில் அதில் ஒரு தப்பும் அவனுக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் ரேஷன் கடை முன்னால் வேனுக்குக் காத்து நின்றான். ட்யூஷனுக்குப் போகவில்லை. பெண்கள் இறங்கியதும் நடந்ததைச் சொன்னான். எல்லாருமாகப் பேசினார்கள்.

"வெட்டிட்டியா?" பஞ்சம்மாள் சேலைத் தலைப்பை உதறினாள். "எம் பேரு எங்கன அச்சில இருக்கு? ரேஷன் கார்டுல இருக்கு, ஓட்டு லிஸ்ட்டுல இருக்கு. அதுலயும் ஓட்டு லிஸ்ட்டுல தப்பாப் போட்டிருக்கான். எம் மகன் கல்யாணப் பத்திரிகையிலகூட இன்னார் சம்சாரம்னுதான் அடிச்சாக."

"வேலை போயிருமே அத்தே."

"போனாப் போகட்டும். தீப்பெட்டி ஆபீசுக்குப் போறேன்."

"நீ போவ," என்றாள் வள்ளித்தாய். "எனக்கு ரெண்டு பொட்டப்புள்ள இருக்கு. அவன் வெட்டினது சரிதான்."

"சரியோ தப்போ, ஊதச் சொன்னப்ப கேட்டான்ல? வெட்டுறப்ப ஏன் கேக்கலை?"

ராமுத்தாய் தூக்குச்சட்டியை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"வெட்டின துண்டு எங்கலே?"

"போர்மேன் கொண்டுபோயிட்டாரும்மா."

அப்போதுதான் அவனுக்கே உறைத்தது. ஊதியவர்கள் பெயர் ஒன்று விடாமல், அச்சடித்துச் சுருட்டி, கம்பெனியின் பைக்குள் போட்டுக் கொடுத்திருக்கிறான். வள்ளித்தாய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை எழில் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. விருதுநகர் ஸ்டேஷனுக்குப் போய் சுமைராவை வழியனுப்ப வேண்டியவன் போகவில்லை. போனில் மட்டும், "தைரியமாப் போம்மா, இங்க ஒண்ணும் இல்ல" என்றான். துணைக்கு அவளுடைய அத்தா யாகூப் போகிறார். "போயிட்டு வாரோம் தம்பி" என்று அவர் சொன்னது அவனுக்குப் பாதிதான் காதில் விழுந்தது. ராத்திரி அம்மாவிடம் எதையோ சொல்ல வாயெடுத்தான். "படு, காலையில காலேஜு இருக்கு" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திங்கட்கிழமை பெண்கள் எல்லாரும் வழக்கத்தைவிட முன்னாலேயே ரேஷன் கடைக்கு வந்துவிட்டார்கள். எழிலும் போய்த் தள்ளி நின்றான். பக்கத்து ஊர் வேன் ஒன்று நிற்காமல் கடந்துபோனது. இன்னொன்றும் போனது. ஒருத்தியும் மற்றவள் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசியில் விளக்கை அணைக்காமலே அந்தப் பழைய நீல வேன் வளைவில் திரும்பி வந்து நின்றது. முன் சீட்டில் முத்துக்கருப்பன் இருந்தார். அவர் அப்படி வேனில் வருகிறவர் இல்லை.

"என்ன, செலையா நிக்கீக? ஏறுங்க, ஏறுங்க, லோடு போகணும்."

ஏறினார்கள். பஞ்சம்மாள் ஏறும்போது நின்று, அவர் காதுபட, "அந்தத் துண்டு?" என்றாள்.

"எந்தத் துண்டு?" என்றவர் கண்ணாடி வழியாக எழிலைப் பார்த்தார். "ஞாயித்துக்கெழம வெந்நீர் அடுப்புல போட்டேன். என்னா நாத்தம்! எம் பொண்டாட்டி என்னை வீட்டை விட்டே வெரட்டிட்டா." டிரைவர் சிரித்தான். பெண்கள் சிரிக்கவில்லை. வேன் கிளம்பியது. ராமுத்தாய் ஜன்னலோரம்தான் இருந்தாள், ஆனால் மகன் நின்ற பக்கம் திரும்பவில்லை.

எழில் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தான். அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

வியாழக்கிழமை சாத்தூரில் ட்யூஷன் நடுவே சுமைரா பூனாவிலிருந்து கூப்பிட்டாள். மூச்சுவாங்கப் பேசினாள். நிறையப் பேர் நின்று பார்த்தார்களாம். டாக்டர் அம்மா ஒருவர் ரொம்ப நேரம் பேசிவிட்டு, இந்தப் பெண்கள் யார், எந்த ஊர் என்று கேட்டாராம். "சொல்ல முடியாதுன்னேன்ணே. அவுக புரிஞ்சுக்கிட்டு தலையை ஆட்டினாக. ஆனா எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு."

"நீ சொன்னது சரிதாம்மா," என்றான். டிக்கெட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னான்.

வீட்டுக்கு வந்தபோது ராமுத்தாய் தேங்காய் நார் வைத்துக் கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு தேய்த்தாலும் ரேகைகளில் வெள்ளி போகாது. சனிக்கிழமையிலிருந்து அவனிடம் அளந்துதான் பேசுகிறாள். அவன் படியில் உட்கார்ந்து சுமைரா சொன்னதைச் சொன்னான். பாதிவரை அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"யாரு என்னன்னு கேட்டாகளாக்கும்?"

"கேட்டாகம்மா."

"எம்புட்டுப் பெரிய டாக்டரு?"

"தெரியலைம்மா. பெரிய ஆளாத்தான் இருக்கும்."

ராமுத்தாய் செம்பில் தண்ணீர் மொண்டு கையைக் கழுவினாள். பிறகு, அவனைப் பார்க்காமலே, தெருவுக்குக் கேட்கிற மாதிரிக் கூப்பிட்டாள்.

"ஏ பஞ்சம்மா, இங்க வாடி! பூனாவுல கேட்டாகளாம், நம்ம யாருன்னு!"