காலாவதியான மூன்று எல்.எல்.ஆர்.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் கோயம்புத்தூரில் போக்குவரத்து அலுவலகம் ஒன்றில் ஓட்டுநர் உரிமப் பிரிவில் எழுத்தராக இருந்தேன். கார் பழக எல்.எல்.ஆர். என்னும் பழகுநர் உரிமம் கேட்டு வருபவர்களின் விண்ணப்பம் என் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். முப்பது நாள் கழித்து டெஸ்டுக்கு வரலாம். பழகும்போது செல்லுபடியாகும் உரிமம் உள்ளவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். என் பெயரிலும் மூன்று எல்.எல்.ஆர். எடுத்து, மூன்றும் காலாவதியாகியிருந்தன. பக்கத்தில் உட்கார வேண்டியவர் என் கணவர். அவருக்கு நேரமில்லை.

ஒரே ஒரு நாள் நேரம் இருந்தது. வண்டி இரண்டு தடவை நின்றுபோனது. "எறங்கு, கிளச் பிளேட் போயிரும். உனக்குத்தான் ஆபீஸ் வாசல்லயே பஸ்ஸு நிக்குதே" என்றார். இறங்கினேன்.

மகளுக்குப் பதினெட்டு முடிந்ததும் அவளுடைய எல்.எல்.ஆரையும் நான்தான் எழுதினேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே அவர் விடியலில் எழுந்து காரைத் துடைத்து, வெள்ளை அட்டையில் சிவப்பில் 'எல்' எழுதி முன்னும் பின்னும் கட்டினார். பொள்ளாச்சி ரோட்டுக்கு உள்ளே, மனை பிரித்துப் போட்டு யாரும் இன்னும் வீடு கட்டாத இடத்துக்குக் கூட்டிப் போனார். என்னை யாரும் அழைக்கவில்லை. பிளாஸ்கில் காப்பி எடுத்துக்கொண்டு நானே பின்சீட்டில் ஏறிக்கொண்டேன்.

அன்று வண்டி பதினோரு தடவை நின்றது. எண்ணினேன்.

"அவசரமே இல்ல கண்ணு. அதுக்கும் மூச்சு வாங்கோணுமல்ல?" என்று சிரித்தார்.

இந்த மனிதரிடம் இப்படியொரு குரல் இருப்பது இருபது வருடமாக எனக்குத் தெரியாது. நான் மூன்று முறை முறைப்படி விண்ணப்பித்தும் கிடைக்காதது, விண்ணப்பமே இல்லாமல் இவளுக்குக் கிடைக்கிறது. பெற்ற மகளைப் பார்த்துத் தாய் பொறாமைப்படக் கூடாது என்று விதி ஏதும் கிடையாது. இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

"கண்ணாடியப் பாரு, இண்டிகேட்டர் போடு" என்று பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"அம்மா, நீங்க கொஞ்சம் பேசாம வாங்க" என்றாள் மகள்.

மூன்றாம் ஞாயிறு அவள் ஒரு தடவைகூட நிறுத்தாமல் மனைகளைச் சுற்றி வந்தாள். அவர் அவள் தலையைத் தடவி, "எந்தங்கம்! வால்பாறை மலையே ஏத்திப்போடுவா" என்றார்.

என்னால் அதற்குமேல் முடியவில்லை.

"ஏனுங்க, உங்க லைசென்ஸைக் கொஞ்சம் எடுங்க."

எடுத்துப் பார்த்தார். ஐம்பது வயது முடியும் நாளோடு அதுவும் முடிந்திருந்தது. முடிந்து இரண்டு மாதம்.

"உனக்கு இது எப்பத் தெரியும்?"

"உங்க பொறந்த நாள் எனக்குத் தெரியாதுங்களா?" அன்று பாயசம் வைத்தவளே நான்தான்.

மகள் என்ஜினை அணைத்தாள். "அப்பறம் ஏம்மா மூணு வாரமாச் சொல்லல?"

கார் ஓட்டத் தகுதியுள்ள ஒருவரும் காரில் இல்லை என்பதை மட்டும் விளக்கினேன். அவர் சாவியைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினார். காரை அங்கேயே விட்டுவிட்டு மெயின் ரோட்டு பஸ் நிறுத்தம் வரை நடந்தோம். அப்பாவும் மகளும் முன்னால். ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். என்னைப் பற்றித்தான் இருக்கும். பிளாஸ்க்கோடு பின்னால் போனேன். மதியம் பக்கத்து வீட்டுக்காரர் போய்க் காரை எடுத்து வந்தார்.

உரிமத்தைப் புதுப்பிக்க மருத்துவச் சான்றிதழோடு என் ஜன்னலுக்கு வந்து வரிசையில் நின்றார். என் கணவர் என்றாலும் வரிசை வரிசைதான். படிவத்தில் பிழை தேடினேன். கிடைக்கவில்லை. முத்திரை வைக்கும்போது, அத்தனை வருடத்தில் வாய்விட்டுக் கேட்காததைத் தாழ்ந்த குரலில் கேட்டேன்.

"எனக்கும் சொல்லிக் குடுப்பீங்களா?"

அவர் திரும்பி வரிசையைப் பார்த்தார். "புள்ளைது முடியட்டும்" என்றார்.

முடிந்தது. முதல் தடவையிலேயே மகள் தேறினாள். அவர் பேச்சை எடுக்கவில்லை, நானும் இன்னொரு முறை கேட்கவில்லை. நான்காவது எல்.எல்.ஆரை எடுத்துக்கொண்டு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். அங்கே பழக்கியவர் வயதானவர், மிகவும் பொறுமைசாலி. வண்டி நின்றபோதெல்லாம் "அவசரமே இல்லீங்க அம்மணி" என்பார். அந்த நல்ல மனிதர் மீது எனக்கு அப்படியொரு கோபம் வரும். இவர் சொல்ல வேண்டிய வார்த்தை அல்ல அது.